பிரசவ அறையில் தொங்கிய வாளி

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பெப்ரவரி மாதம். சுவிஸின் பீல் நகரத்தில் வீதியோரமெல்லாம் அழுக்கேறிய பனி குவிந்து கிடந்த அந்த நாட்களில், நான் கென்யாவின் தென்கரையில் ஒரு மீன்பிடிக் கிராமத்து மருத்துவ நிலையத்தின் களஞ்சிய அறையில் வியர்த்து வழிந்துகொண்டு நின்றேன். நான் தாதியும் இல்லை, வைத்தியரும் இல்லை. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதிலிருந்து சொன்னால்தான் நடந்தது விளங்கும்.

எங்கள் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு வருகிற அக்கா ஒருவர் இருக்கிறார். துன் நகரத்து ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை. ஒவ்வொரு வருடமும் தன் விடுமுறையில் ஒரு மாதத்தை அந்தக் கிராமத்துக்குக் கொடுத்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே மருந்துகளும் சாமான்களும் வந்து இறங்குகின்றன, ஆனால் அடுக்கி வைக்க ஆளில்லை, எது எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது என்று சொல்லிக் கவலைப்பட்டார். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பிள்ளைகள் இருவரும் வளர்ந்து வேறு நகரங்களில் படிக்கிறார்கள். பத்தொன்பது வருடமாகக் கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளை வரிசை பிசகாமல் எடுத்து வைக்கிறவள் நான். அடுக்கி வைக்கத் தெரிந்த ஆள்தானே வேண்டும், நான் வருகிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உமக்கென்ன விசரே? ஃபெரியன் லீவு எடுத்துக்கொண்டு வேலை செய்யவே போறீர்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஊசி எல்லாம் போட வேண்டுமா, எந்த மாதம், எத்தனை கிழமை என்று அவரே விசாரிக்கத் தொடங்கினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பயணம் உறுதி என்று. தொழிற்சாலையில் இரண்டு கிழமை விடுமுறையும் இரண்டு கிழமை சம்பளமில்லாத லீவும் தந்தார்கள்.

மொம்பாசாவில் இறங்கி, தோணித்துறையில் ஆயிரக்கணக்கான ஆட்களோடு பெரிய படகில் அக்கரைக்குப் போனோம். சைக்கிளில் கோழிகளைக் கட்டிக்கொண்டு ஒருவர், தலையில் வாழைக்குலையோடு ஒரு பெண், கழுத்துப்பட்டி கட்டிய அலுவலகக்காரர்கள், எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரையும் முறைக்கவில்லை. பீலில் பஸ்ஸுக்குள் என் பைக்கும் பக்கத்து ஆளின் பைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி வேண்டும் என்று நினைக்கிறவள் நான். அந்தப் படகில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

கிராமத்தில் எல்லாரும் என்னை "மாமா" என்று கூப்பிட்டார்கள். அவர்களுடைய சுவாஹிலி மொழியில் அதற்கு அம்மா என்று அர்த்தமாம். அக்கா முன்கூட்டியே சொல்லித் தரவில்லை. முதல் நாள் பின்னால் இருந்து யாரோ "மாமா, மாமா" என்று கூப்பிட, நான் எந்த ஆம்பிளையைக் கூப்பிடுகிறார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். கடையில் சப்பாத்தி கேட்டால் சப்பாத்தி என்றே தந்தார்கள். பஜியாவும் இருந்தது. தேங்காய்ப்பால் விட்டு மீன் சமைத்தார்கள். நான் மன்னாரில் பிறந்தவள். அங்கே நிற்கிற அதே பெருக்க மரம், யானைக்கால் மாதிரி அடி பெருத்த அதே மரம், இங்கே பாதையோரமெல்லாம் நின்றது. கருவாடு காய்கிற மணமும் அப்படியே. மூன்றாம் நாளே எனக்கு இந்த இடம் தெரிந்த இடம் என்ற எண்ணம் வந்துவிட்டது. அந்த எண்ணம்தான் பின்னால் என்னை மாட்டிவிட்டது.

மருத்துவ நிலையம் என்றால் மூன்று அறைகளும் ஒரு விறாந்தையும். அதைக் கொண்டு நடத்துகிறவர் ஒரு மருத்துவிச்சி. ஐம்பது வயதிருக்கும். தலையை மூடிய துணிக்குள் இருந்து பெரிய முகம், நிதானமான நடை. ஆங்கிலம் நன்றாகக் கதைப்பார், என்னைவிட நன்றாக. அந்தப் பகுதியில் கடந்த இருபது வருடத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதியை இவர்தான் கையில் ஏந்தியிருக்கிறார் என்று அக்கா சொன்னார். எனக்கு வணக்கம் சொல்லி, இருக்கச் சொல்லி, இளநீர் வெட்டித் தந்தார். என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை.

அக்காதான் சொன்னார். "முதல் ஒரு கிழமைக்கு நீர் ஒண்டும் செய்ய வேண்டாம். சும்மா இருந்து பாரும். அவ கேட்டால் மட்டும் செய்யும்." நான் ஓம் என்றேன். ஆனால் சும்மா இருந்து பழக்கமில்லாதவள் நான். சம்பளத்தை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்து விறாந்தையில் உட்கார்ந்து காற்று வாங்கவா என்று மனம் அரித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிலையத்தில் நோயாளிகள் இல்லை. மருத்துவிச்சி தன் தங்கை வீட்டு வைபவத்துக்குப் போயிருந்தார். அக்கா களைத்துப்போய்ப் படுத்திருந்தார். களஞ்சியப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு வரை வேலை செய்தேன். பெட்டி பெட்டியாகப் பிரித்து, கையுறை தனியாக, ஊசிகள் தனியாக, சேலைன் குழாய்கள் தனியாக, மாத்திரைகளை ஆங்கில எழுத்து வரிசையில், காலாவதி திகதி முந்தியது முன்னால் வரும்படி அடுக்கினேன். ஒவ்வொரு தட்டுக்கும் பெயர் எழுதி ஒட்டினேன். கைகளுக்குப் பழகிய வேலை. நேரம் போனதே தெரியவில்லை.

களஞ்சியம் முடிந்த பிறகும் எனக்கு வேகம் அடங்கவில்லை. பிரசவ அறையையும் எட்டிப் பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டுக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு ஆணியில், பழைய பெயின்ட் வாளி ஒன்று துணியால் மூடித் தொங்கியது. உள்ளே பார்த்தால் எல்லாம் கலந்து கிடந்தது. இரண்டு சோடிக் கையுறை, ஊசிகள், ஒரு சேலைன் போத்தல், குழாய், கத்தரிக்கோல், ஒட்டுப்பட்டி, ஒரு சின்ன மாத்திரைப் பெட்டி. மிச்சம் மீதிகளை யாரோ அவசரத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொன்றையும் எடுத்து, களஞ்சியத்தில் அதற்கென்று நான் ஒதுக்கிய தட்டில் வைத்தேன். வாளியைத் தேய்த்துக் கழுவினேன். நிலம் துடைக்கிற துணியை ஊறவைக்க நல்ல வாளி இல்லாமல் இருந்தது. அதற்கு வைத்துவிட்டேன். மாலையில் அக்கா வந்து களஞ்சியத்தைப் பார்த்து, சுவிஸிலேயே இப்படி இருக்காது என்று சொல்லிச் சிரித்தார். பிரசவ அறைக்குள் அவர் போகவில்லை. நானும் அந்த வாளியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அக்கா தடுப்பூசி போடுவதற்காக நிலையத்தின் ஒரே வாகனத்தில் தூரத்து ஊருக்குப் போய்விட்டார். ஒன்பது மணிபோல, பிரசவ வலியோடு ஒரு இளம் பெண்ணை அவளுடைய தமக்கை மோட்டார் சைக்கிளில் கூட்டிவந்தாள். மருத்துவிச்சி நேராக வீட்டிலிருந்து பிரசவ அறைக்குள் போனார். வழமையான பிரசவச் சாமான்கள் கட்டிலடியில் வேறாக இருந்ததால், தலைமாட்டுச் சுவரைப் பார்க்க அவருக்குத் தேவை வரவில்லை. பதினொரு மணிக்குக் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் விறாந்தை வரை கேட்டது. நானும் தமக்கையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். பிறகு மருத்துவிச்சி அவளை உள்ளே கூப்பிட்டுக் குழந்தையைக் கையில் கொடுத்தார். நான் களஞ்சியத்துக்குள் போய், என் தட்டுகளை மறுபடி பார்த்து ரசித்துக்கொண்டு நின்றேன்.

சில நிமிடங்களில் உள்ளே இருந்து மருத்துவிச்சியின் குரல் உயர்ந்தது. "ந்டோ! ந்டோ!" எனக்கு விளங்கவில்லை. ஓடிப்போய்க் கதவருகே நின்றேன். கட்டிலில் விரித்திருந்த துணி முழுவதும் இரத்தம். அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போயிருந்தது. மருத்துவிச்சி ஒரு கையால் அவள் அடிவயிற்றை அழுத்திப் பிசைந்துகொண்டிருந்தார். கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்கவில்லை. அவருடைய மற்றக் கை பின்னால் நீண்டு, சுவரில் வெறும் ஆணியைத் தடவிக்கொண்டிருந்தது. மேலே, கீழே, மறுபடி மேலே.

ந்டோ என்றால் வாளி. அந்தக் கை எனக்குச் சொல்லித் தந்தது.

அதைக் கழற்றி எடுத்தவள் நான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: எது எங்கே இருக்கிறது என்று உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஓடினேன். கையுறை, இடது பக்கம் இரண்டாம் தட்டு. ஊசி, அதற்குக் கீழே. சேலைன் போத்தல், மூலையில் அடித்தட்டு. குழாய் எதிர்ப்பக்கம். பாவாடையை ஏந்தி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்து கட்டிலருகே கொட்டினேன். மருத்துவிச்சி மாத்திரையின் பெயரைச் சொன்னார். மறுபடி ஓடினேன். ஆங்கில எழுத்து வரிசையில் அதைத் தேட எடுத்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது ஒரு மணித்தியாலம் மாதிரி இருந்தது. ஒட்டுப்பட்டியை மறந்துவிட்டு மூன்றாம் தரமும் ஓடினேன். பிறகு சேலைன் போத்தலை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். தமக்கை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்று வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தாள். நானும் எனக்குத் தெரிந்த அருள்நிறை மரியே செபத்தைச் சொன்னேன். எத்தனை தரம் என்று கணக்கில்லை.

இரத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. மருத்துவிச்சி அவள் நாடியைப் பிடித்துப் பார்த்து, கண் இமையை இழுத்துப் பார்த்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார். நடுப்பகல் தாண்டி அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள். அவள் தண்ணீர் கேட்ட அந்தக் குரலைப் போல இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வெளியே கிணற்றடியில் மருத்துவிச்சி கை கழுவிக்கொண்டிருந்தார். நான் போய், வாளியை எடுத்தது நான்தான் என்று சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். என்னைத் திட்டுவார், நாளைக்கே திரும்பிப் போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் "போலே, மாமா" என்றார். போலே என்பது அங்கே மன்னிப்புச் சொல் இல்லை. ஒருவர் தடுக்கி விழுந்தால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர்கள் சொல்கிற ஆறுதல் சொல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் என்னை அழுது முடிக்க விட்டார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். "உம்முடைய தொழிற்சாலையில உம்முடைய மேசைச் சாமானை ஆரும் இடம் மாத்தி வைச்சால் என்ன செய்வீர்?"

யோசிக்கவே தேவையில்லை. என் மேசையில் யாராவது ஒரு தட்டை ஒரு விரற்கடை நகர்த்தினாலே எனக்குக் கோபம் தலைக்கேறும். சண்டை பிடிப்பேன் என்றேன்.

"ஏன்?"

"நான் தட்டைப் பார்க்கிறதில்லை. கண் வேலையில இருக்கும். கை தன்ரபாட்டில போய் எடுக்கும்."

"எனக்கும் அப்பிடித்தான்" என்றார். "இரத்தம் போகேக்க தாயின்ர முகத்தில இருந்து நான் கண்ணை எடுக்கேலாது. கைதான் வாளியைப் பார்க்கும்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் அந்த விஷயத்தைக் கதைக்கவில்லை. எனக்குத்தான் தாங்க முடியாமல் இருந்தது. பத்தொன்பது வருடமாக நான் செய்கிற வேலையின் அடிப்படையே அதுதான். அதே விஷயத்தை ஒரு பழைய பெயின்ட் வாளிக்குள் கண்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. வாளி பழையது என்பதற்காகவா? இடம் ஏழை இடம் என்பதற்காகவா? சுவிஸில் ஒரு ஆஸ்பத்திரிச் சுவரில் அது தொங்கியிருந்தால் நான் தொட்டிருப்பேனா? தொட்டிருக்க மாட்டேன். அந்தப் பதில்தான் அன்றைக்கு என்னை மிகவும் வெட்கப்படுத்தியது.

மாலை அக்கா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் இருந்த பையைக் கீழே வைக்காமலே கேட்டார். கடைசியில், "நானும் ஒருக்கா உள்ளே போய்ப் பார்த்திருக்க வேணும்" என்றார். நான் திரும்பிப் போகட்டுமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "போய் என்ன செய்யப் போறீர்? பீலில இருந்து அழப் போறீரோ? குழப்பினது நீர். இருந்து சரிக்கட்டிப்போட்டு வாரும்."

அது எனக்குத் தேவையாக இருந்தது. மறுநாள் காலை மருத்துவிச்சியிடம் போய், வாளியைப் பழையபடி அடுக்கித் தரச் சொல்லிக் கேட்டேன். அவர் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். கையுறை மேலே, ஏனென்றால் முதலில் கை அதைத்தான் தேடும். மாத்திரை ஓரத்தில். போத்தல் அடியில், பாரத்துக்கு. நான் பார்த்துக்கொண்டேன். பிறகு, இதில் உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

அவர் யோசித்துவிட்டு, ஒரு கஷ்டம் இருக்கிறது என்றார். பாவித்த சாமானைத் திரும்ப வைக்க மறந்துபோனால், அடுத்த அவசரத்தில்தான் அது இல்லை என்று தெரிய வருகிறது. அது எனக்குத் தெரிந்த பிரச்சினை. எங்கள் தொழிற்சாலைத் தட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு குழி. ஒரு குழி வெறுமையாக இருந்தால் பார்த்த உடனே கண்ணில் குத்தும். அப்படி ஒன்று செய்யலாமா என்று கேட்டேன். செய்து பார்க்கலாம் என்றார். கிராமத்துத் தையல்காரரிடம் போய், கடும் மஞ்சள் நிறத்தில் தடித்த துணி வாங்கி, வாளியின் உட்பக்கத்தைச் சுற்றிப் பொருந்துகிற மாதிரிப் பைகள் வைத்துத் தைத்தோம். முதல் துணியை மருத்துவிச்சி வேண்டாம் என்றார். பை ஆழம் கூடிப்போய், கை சிக்கியது. இரண்டாவதும் சரிவரவில்லை. மூன்றாவதை ஆணியில் மாட்டி, கட்டிலைப் பார்த்தபடி நின்று, கையைப் பின்னால் நீட்டி ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு திரும்பி, தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக நான் இன்னும் மூன்று துணிகூடத் தைத்திருப்பேன்.

அந்தக் கிழமையின் கடைசியில் அந்தப் பெண்ணின் தமக்கை ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வந்தாள். நேராக என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய தங்கைக்காக நான் அன்றைக்கு அவ்வளவு ஓடினேனாம். மருத்துவிச்சி மொழிபெயர்த்தார். எனக்கு அந்தப் பையை வாங்க மனம் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஒருவருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்தப் பழத்தை எப்படி விழுங்குவது? நான் ஓட வேண்டி வந்ததே என்னால்தான், அதைச் சொல்லுங்கோ என்று மருத்துவிச்சியிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒன்றும் குறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். வாளி, ஆணி, தரை துடைக்கிற துணி எல்லாம் அவர் கையசைவிலேயே எனக்கு விளங்கியது.

தமக்கையின் கைகள் என் கைகளை விட்டன. அவள் என்னைத் தாண்டிப் பிரசவ அறைக்குள் போனாள். நான் விறாந்தையில் நின்று கதவு வழியாகப் பார்த்தேன். உள்ளே அவள் சுவரில் தொங்கிய வாளியைப் பார்த்தாள். கையை உள்ளே விட்டு, மஞ்சள் துணியின் பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, கீழே வைத்திருந்த மாம்பழப் பையை எடுத்து என் கையில் தந்தாள். ஏதோ சொன்னாள். மருத்துவிச்சி சிரிக்காமல் மொழிபெயர்த்தார்: "இனி அது அங்கேயே இருக்கட்டுமாம்."

மிச்ச இரண்டரைக் கிழமையும் நன்றாக வேலை செய்தேன். கேட்டுக் கேட்டுச் செய்தேன். களஞ்சியத்தில் என் எழுத்து வரிசை அடுக்கலைக் கலைத்துவிட்டு, எது அடிக்கடி தேவை, எது எப்போதாவது தேவை என்று மருத்துவிச்சி சொல்லச் சொல்ல அடுக்கினேன். பெயர் ஒட்டிய துண்டுகளில் அவர் சுவாஹிலியும் எழுதினார். காலாவதி திகதி முன்னால் வருவதை மட்டும் அவர் மாற்றவில்லை. அது நல்ல யோசனை என்றார். அதை நான் சந்தோஷமாகவே சொல்லிக்கொள்கிறேன்.

பீலுக்குத் திரும்பி வந்தபோது தொழிற்சாலையில் எல்லாரும் கேட்டார்கள், அங்கே போய் அந்தச் சனத்துக்கு என்ன செய்தாய் என்று. தேங்காய்ப்பால் மீனையும் கடலையும் பற்றிச் சொன்னேன். ஆனால் நெருங்கியவர்கள் கேட்டால் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். கணவர் முழுவதையும் கேட்டுவிட்டு, என் சமையலறையில் அவர் அந்த ஒரு மாதமாக எதை எங்கே மாற்றி வைத்தார் என்பதைத் தானாகவே ஒப்புக்கொண்டார்.

போன கார்த்திகையில் அக்கா மூலம் ஒரு செய்தி வந்தது. அந்த நிலையத்துக்குப் புதிதாக ஒரு அறை கட்டியிருக்கிறார்களாம். சாமான்களை எப்படி வைப்பது என்று இருந்து யோசிக்க வேண்டும், அந்த மணிக்கூட்டுக்காரி வருவாவோ என்று மருத்துவிச்சி கேட்டு அனுப்பியிருந்தார். வாறன் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை தயக்கமும் இல்லை, அவசரமும் இல்லை. யாருக்காவது உதவ வேண்டும் என்று கை துறுதுறுக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் வாயைத் திறந்து கேட்கிறேன்; அப்படிக் கேட்பதால் என் திறமையில் ஒரு துளியும் குறைந்து போவதில்லை என்பதை, இரத்தம் தோய்ந்த ஒரு கட்டிலருகே நின்று நான் படித்திருக்கிறேன்.